எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை

தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்று ஒரு பழமொழி உண்டு. வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' நாவலைப் படித்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் அந்தப் பழமொழிக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பெரியவர்கள் கண்காணிப்பு போனால் பிள்ளைகள் மிருகமாகிவிடுவார்கள், சட்டமும் பள்ளியும் போலீசும் மேலே பூசிய பூச்சுதான், அது உதிர்ந்தால் உள்ளே இருப்பது வெறி. ஆங்கில இலக்கியம் படித்தவர்களைக் கேட்டால் பரீட்சையில் இதைத்தான் எழுதினோம் என்பார்கள்.

எனக்கு இந்த முடிவு ஒப்பவில்லை. பிள்ளைகளை வளர்க்கிற ஒருத்தியாக அந்த நாவலை நிதானமாகப் படித்தால், அந்தத் தீவில் எது முதலில் உடைகிறது, அதற்குப் பிறகு எது உடைகிறது என்ற வரிசை தெளிவாகத் தெரிகிறது. பெரியவர்கள் தினமும் செய்கிற, யாரும் பாராட்டாத சில வேலைகள் இருக்கின்றன. அந்த வேலைகளை அங்கே யாரும் கையில் எடுக்கவில்லை. தீவு அங்கேதான் உடைகிறது. அந்த வேலைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் வெளிவந்தது 1954இல். ஒரு பெரும் போர் நடக்கிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த விமானம் தாக்கப்பட்டு ஆளில்லாத தீவில் விழுகிறது. பெரியவர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான ஆங்கிலேயப் பையன்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஒரு சங்கைக் கண்டெடுத்து ஊதுகிறார்கள். கூட்டம் கூடுகிறது. ரால்ஃபைக் கை தூக்கித் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேசலாம், கப்பல் கண்ணில் படுவதற்காக மலைமேல் எப்போதும் தீ எரிய வேண்டும் என்று விதிகள் போடுகிறார்கள். பாடகர் குழுவின் தலைவனாக வந்த ஜாக் வேட்டைக்காரனாகிறான். கதை முடியும்போது இரண்டு பையன்கள் சக பையன்களாலேயே கொல்லப்பட்டிருக்கிறார்கள், மூன்றாவதாக ரால்ஃபைத் துரத்துகிறார்கள், தீவே பற்றி எரிகிறது.

எண்ணிக்கை

இந்தச் சமூகம் ஜாக் வேட்டைக்குப் போனபோது உடைந்தது என்று பலரும் சொல்வார்கள். என் கணக்கில் அது முதல் நாளே உடைந்துவிட்டது.

குண்டான, ஆஸ்துமா உள்ள, மூக்குக்கண்ணாடி போட்ட பிக்கி ஆரம்பத்திலேயே ஒரு காரியத்தைச் சொல்கிறான்: எல்லாருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். அவனே போய்க் கேட்கவும் செய்கிறான். சின்னப் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள், மற்றவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றே உற்சாகத்தில் மலைமேல் தீ மூட்டுகிறார்கள். காய்ந்த மரங்களில் பிடித்துச் சரிவு முழுக்கத் தீ இறங்குகிறது. அப்போது பிக்கி கேட்கிறான், முகத்தில் செந்நிற மச்சம் இருந்த அந்தச் சின்னப் பையன் எங்கே என்று. கூட்டத்தில் எழுந்து பாம்பு மாதிரி ஏதோ ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்ன பையன் அவன். யாரும் பதில் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்ப்பதும் இல்லை, தேடுவதும் இல்லை. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இதன் கனம் கடைசிப் பக்கத்தில்தான் முழுதாகப் புரிகிறது. காப்பாற்ற வந்த கடற்படை அதிகாரி ஒருவர் கரையில் நின்று, யாராவது செத்தார்களா என்று ரால்ஃபைக் கேட்கிறார். இரண்டு பேர்தான் என்கிறான். சைமன், பிக்கி. மச்சம் இருந்த பையன் இறந்தவர்களின் கணக்கிலும் சேரவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டதற்கு ரால்ஃபுக்கு விடை தெரியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கதையிலேயே நியாயமான பையன்களில் ஒருவன். ஆனால் தன் பொறுப்பில் எத்தனை உயிர் இருக்கிறது என்று கடைசிவரை தெரியாமலேயே அவன் தலைவனாக இருந்திருக்கிறான். மற்ற கொடுமைகளெல்லாம் இதற்குப் பிறகு வந்தவைதான்.

ராத்திரி

இரண்டாவது உடைசல் பயம். சின்னப் பிள்ளைகள் ராத்திரியில் அலறுகிறார்கள். காட்டில் மிருகம் இருக்கிறது என்கிறார்கள். பெரிய பையன்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் பாருங்கள். ரால்ஃப் எரிச்சலோடு, மிருகமெல்லாம் கிடையாது என்கிறான். ஜாக், இருந்தால் நான் வேட்டையாடிக் கொல்கிறேன் என்கிறான். பிக்கி விஞ்ஞானம் பேசுகிறான். பேய் உண்டா இல்லையா என்று கூட்டத்தில் கை தூக்கி வாக்கெடுப்பு நடக்கிறது! பயந்த பிள்ளையின் பக்கத்தில் போய் யாராவது படுத்தார்களா? இல்லை.

அந்தக் கூட்டத்தில் பெர்சிவல் என்ற சின்னப் பையனை எழுப்பி நிறுத்துகிறார்கள். உன் பெயரென்ன என்று கேட்டதும், வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி முழுப் பெயர், பாதிரியார் வீட்டு முகவரி, ஊர், தொலைபேசி என்று ஒப்பிக்கத் தொடங்குகிறான். தொலைந்துபோனால் இதைச் சொல், யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று பெற்றவர்கள் பாடம் பண்ணிக் கொடுத்தது. ஆனால் அந்த முகவரியைக் கேட்டு அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே ஒருவருமில்லை. சொல்லச் சொல்லவே அழுகை வெடிக்கிறது. கூடவே மற்ற சின்னதுகளும் அழுகின்றன. அதே பெர்சிவல் கடைசியில் அதிகாரியிடம் தன்னைச் சொல்லிக்கொள்ள வருகிறான். பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

அந்தத் தீவில் ஒரே ஒருவன் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டான். சைமன். கைக்கு எட்டாத கிளையிலிருந்து நல்ல பழங்களாகப் பறித்து, நீண்டுகொண்டே இருக்கும் சின்னச் சின்னக் கைகளில் கொடுக்கிறான். யாரும் அதைக் கவனிப்பதில்லை, அவனுக்கு ஒரு பதவியும் இல்லை. அவனைத்தான் பிற்பாடு இருட்டில், புயலில், ஆட்டத்தின் வெறியில் மிருகம் என்று நினைத்து அடித்துக் கொல்கிறார்கள்.

ஜாக் எப்படி ஆட்களைச் சேர்த்தான் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பயத்துக்கு ஆறுதல் கிடைக்காத இடத்தில் ஈட்டி வைத்திருப்பவனுக்குத்தான் மவுசு. ரால்ஃப் பயத்தை மறுத்தான். ஜாக் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தான்: முகத்தில் வண்ணம் பூசு, ஆடு, குத்து. பிள்ளைகள் அவனிடம் போனதில் ஆச்சரியமே இல்லை. பெரியவர்களின் நாடுகளிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

தீ, குடிசை, மன்னிப்பு

மூன்றாவது, அலுப்புத் தட்டுகிற வேலை. குடிசை போடக் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கடைசியில் ரால்ஃபும் சைமனும் மட்டும் ஓலையோடு மல்லுக்கட்டுகிறார்கள். மற்றவர்கள் நீச்சலடிக்கப் போய்விட்டார்கள். தீயைக் காக்க வேண்டியவர்களை ஜாக் வேட்டைக்குக் கூட்டிப்போன நேரத்தில் தூரத்தில் ஒரு கப்பல் கடந்து போகிறது. மலைமேல் புகை இல்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். பன்றியோடு ஜாக் வருகிறான். சண்டை வருகிறது. பிக்கியை அறைகிறான், மூக்குக்கண்ணாடியின் ஒரு கண்ணாடி உடைகிறது. பிறகு, தீ அணைந்ததற்கு வருந்துகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறான். கூட்டம் அவனை மெச்சுகிறது. பிக்கிக்குப் போன கண்ணாடிக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் கேட்க வைக்கவுமில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? ஆளுக்கொரு பக்கம் பிரிப்போம், ஆறவிடுவோம், பிறகு கூட்டிவந்து பேச வைப்போம், உடைந்ததற்குக் கணக்குத் தீர்ப்போம். இந்த ஒட்டுவேலை நடக்காத இடத்தில் ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்குக் கடனாக நிற்கிறது.

ரோஜர் என்ற பையனின் கதை அந்தக் கடன் எப்படி வளர்கிறது என்று காட்டுகிறது. ஆரம்பத்தில் கரையில் விளையாடும் ஹென்றி என்ற சின்னவன்மேல் மறைவாக நின்று கல் எறிகிறான். ஆனால் படாமல் எறிகிறான். ஹென்றியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் எறிய அவன் கை துணியவில்லை. வீடும் பள்ளியும் போலீசும் சேர்ந்து போட்ட வட்டம் அது. நாள் போகப் போக அந்த வட்டம் சுருங்குகிறது. புதுப்பித்துக் கொடுக்க ஆளில்லை. கடைசியில் அதே ரோஜர்தான் பாறையைப் புரட்டிவிட்டு பிக்கியைக் கொல்கிறான். சங்கும் அப்போதே நொறுங்குகிறது.

பெரியவர்கள் வந்திருந்தால்?

பெரியவர்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று கோல்டிங்கும் சொல்லவில்லை. அவர் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் ஆண்பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார், 1944இல் நார்மண்டியில் தரையிறங்கும் படைக்கு ஆதரவாக ராக்கெட் ஏவும் படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். படித்த, நாகரிகமான மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று கண்ணால் பார்த்தவர். அதனால்தான் நாவலில் பெரியவர்களிடமிருந்து தீவுக்கு வந்து சேரும் ஒரே செய்தி, பாராசூட்டில் தொங்கி வரும் ஒரு வீரனின் பிணம். பிள்ளைகள் அதைத்தான் மிருகம் என்று நம்புகிறார்கள். காப்பாற்ற வரும் அதிகாரியும் ஒரு போர்க்கப்பலிலிருந்துதான் இறங்கி வருகிறார். அவர் திரும்பிப் போவதும் இன்னொரு வேட்டைக்குத்தான்.

ஆக, வயதானவர்கள் வந்து நின்றால் போதும் என்பது விடையில்லை. அப்படியானால் எது விடை? நாவலை விட்டுவிட்டு உண்மையில் நடந்ததைப் பார்ப்போம்.

அட்டா தீவில் ஆறு பேர்

1965 ஜூனில் பசிபிக் கடலின் டோங்கா நாட்டில், தலைநகர் நுகுஅலோஃபாவின் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்த ஆறு பையன்கள், பள்ளி அலுத்துப்போய் ஒரு மீன்பிடிப் படகைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாயும் சுக்கானும் போயின. எட்டு நாள் அலைக்கழிந்து அட்டா என்ற தீவில் ஒதுங்கினார்கள். ஒரு காலத்தில் மக்கள் வாழ்ந்த தீவு அது. 1863இல் அடிமைக் கப்பல் ஒன்று வந்து பலரைப் பிடித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். அன்றிலிருந்து ஆளில்லாத இடம்.

பதினைந்து மாதம் அந்த ஆறு பேரும் அங்கே இருந்தார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் தன் படகில் அந்தப் பக்கம் வந்தபோது பாறைச் சரிவில் எரிந்த திட்டுகளைக் கண்டு கிட்டே போனார். நீண்ட முடியோடு ஒரு பையன் கடலில் குதித்து நீந்தி வந்தான். வானொலியில் நுகுஅலோஃபாவுக்குத் தகவல் சொன்னபோதுதான் தெரிந்தது, இவர்கள் இறந்துவிட்டார்கள் என்று வீடுகளில் ஈமச்சடங்கே முடிந்துவிட்டது.

தீவில் எப்படி இருந்தார்கள்? இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மூட்டிய தீயை ஒரு வருஷத்துக்கு மேல் அணையவிடவில்லை. மழைத் தண்ணீரைக் குடைந்த மரத்தில் சேர்த்தார்கள். பழைய குடிகள் விட்டுப்போன வாழையும் சேப்பங்கிழங்கும் கோழிகளும் எரிமலை வாய்க்குள் இருப்பதைக் கண்டுபிடித்துக் காப்பாற்றி வளர்த்தார்கள். சண்டை வந்ததா? வந்தது. சண்டை போட்டவர்கள் தீவின் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட வேண்டும், ஆறிய பிறகு மற்றவர்கள் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைப்பார்கள். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. குச்சியும் இலையும் வைத்துக் கட்டி, அவன் வேலையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். கால் நன்றாகக் கூடியது. காலையும் மாலையும் பாட்டும் ஜெபமும் நடந்தன. ஒருவன் தேங்காய்ச் சிரட்டையும் ஒதுங்கிய மரத்துண்டும் படகின் கம்பிகளும் கொண்டு கிடார் செய்து வாசித்தான்.

மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் இங்கே விடை இருக்கிறது. அலுப்பு வேலைக்கு முறை, சண்டைக்கு ஒட்டுவேலை, விழுந்தவனுக்குத் தோள், ராத்திரி பயத்துக்குப் பாட்டு. இதையெல்லாம் அவர்கள் அந்தத் தீவில் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உறவும் ஊரும் சர்ச்சும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள், பார்த்து வளர்ந்ததைச் செய்தார்கள்.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. அட்டாவில் இருந்தவர்கள் பதின்ம வயதுப் பையன்கள், ஏற்கெனவே நண்பர்கள், ஆறே பேர். நாவலில் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் தெரியாத ஒரு கூட்டம், அதில் பலர் சின்னக் குழந்தைகள். அழுகிற ஆறு வயதுப் பிள்ளை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காட்டில் நாற்பது நாள்

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறிய விமானம் விழுந்தது. பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் அந்தப் பிள்ளைகளின் தாய். பிழைத்தவர்கள் ஹுயிடோட்டோ பழங்குடியைச் சேர்ந்த நான்கு உடன்பிறப்புகள். மூத்த பெண்ணுக்கு 13 வயது. அடுத்த இருவருக்கு 9, 4. கடைசி 11 மாதக் கைக்குழந்தை. நாற்பது நாள் கழித்து நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததே காட்டில்தான்.

மூத்தவள் விமானத்திலிருந்து மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டாள். எந்தக் காயைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்து அவளுக்குத் தெரியும். கிளைகளைச் சேர்த்துக் கட்டித் தங்க இடம் செய்தாள். தேடிப் போன ராணுவம், இருந்த இடத்திலேயே இருங்கள் என்று பாட்டி பேசியதைப் பதிவு செய்து, அவர்கள் மொழியிலேயே ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபரப்பியது.

அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணைக் குழந்தை என்று சொல்வதா, பெரியவள் என்று சொல்வதா? வயதில் குழந்தைதான். ஆனால் ரால்ஃபால் கடைசிவரை சொல்ல முடியாத எண்ணிக்கை அவளுக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரிந்திருக்கும். நால்வர். காட்டுக்குள் நடந்ததும் நால்வர், வெளியே வந்ததும் நால்வர்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1954இல், நாவல் வந்த அதே வருஷம், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து முகாமில் வைத்தார். போட்டி, பரிசு என்று மோதவிட்டதும் கொடி எரிப்பு, அறை சூறையாடல் வரை போனது. பிள்ளைகளின் இயல்புக்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். முந்தைய வருஷம் நியூயார்க் மாநிலத்தில் அவர் நடத்திய முகாமைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். அங்கே பையன்கள் முதலில் நண்பர்களாகப் பழகிவிட்டார்கள். பிறகு பிரித்துவைத்து, ஒரு அணியின் பொருளைத் தாங்களே சேதப்படுத்திப் பழியை மறு அணிமேல் போடப் பார்த்தார்கள் முகாம் ஆட்கள். பையன்கள் மோத மறுத்தார்கள், சந்தேகம் பெரியவர்கள்மேலேயே திரும்பியது. சோதனையைப் பாதியில் கைவிட வேண்டி வந்தது. அங்கே கலகம் மூட்டியவர்கள் பெரியவர்கள்!

நாம் என்ன சொல்லிவிட்டுப் போகிறோம்

இதை நம் வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுவர வேண்டும் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன். ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போகும்போது என்ன நடக்கும்? வகுப்புத் தலைவன் கையில் சாக்பீஸ். கரும்பலகையில் பேசியவர்கள் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கெஞ்சினால் அழிக்கலாம், பிடிக்காதவன் பெயரைப் பேசாமலே எழுதலாம். பெரியவர் இல்லாத நேரத்தில் பெரியவரின் எந்த வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கிறோம் பாருங்கள்: காட்டிக்கொடுப்பதை. அடக்கி வைப்பதை. தனித்துவிடப்பட்ட பிள்ளைகள் அடக்குமுறையைத்தான் முதலில் கட்டுகிறார்கள் என்று பிறகு நாமே வருத்தப்படுகிறோம்.

அதே பிள்ளையிடம் வேறு வேலைகளைக் கொடுக்க முடியும். இன்றைக்கு யார் வரவில்லை என்று பார், சுற்றுலாவில் தலை எண்ணு, மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பவனை உன் பக்கம் கூப்பிடு, அடித்துக்கொண்டவர்கள் ஆறியதும் சேர்த்துவை, யாரும் விரும்பாத வேலையை முறை போட்டு நீயும் ஒரு முறை செய். எட்டு வயதுப் பிள்ளைக்கே இவை புரியும். செய்யவும் செய்யும். அட்டா தீவின் ஆறு பேருக்கும் அமேசான் காட்டின் அந்தப் பெண்ணுக்கும் யாரோ ஒருவர், எங்கோ ஒரு சாதாரண நாளில், இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த முறை பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பும்போது மூத்தவரிடம் "யாரும் சத்தம் போடாம பாத்துக்கோ" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "தம்பி பயந்தா பக்கத்துல போய் உக்காந்துக்கோ, சண்டை வந்தா பிரிச்சுவிட்டு அப்புறம் சேர்த்து வை" என்றும் சொல்லுங்கள். சொல்வதோடு விடாமல், அவர்கள் பயந்த ராத்திரியில் நாம் பக்கத்தில் போய் உட்காரவும் வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களைப் பார்த்த பிள்ளைதான் தன்னைவிடச் சின்னதின் பக்கத்தில் போய் உட்காரும்.